கொப்பூழ் மூடும்வரை

கோழிமுட்டையின் மஞ்சட்கருவைப் பார்க்காதவர் யாரும் இருக்கமாட்டார். ஆனால், குஞ்சு பொரிக்கும் நாளில் அந்த மஞ்சட்கரு எங்கே போகிறது என்று உங்களுள் எத்தனைபேர் எண்ணிப் பார்த்திருப்பீர்கள்? நானும் எண்ணிப் பார்த்ததில்லை. பத்தாம் வயதில், என் கையாலேயே ஒரு குஞ்சு இறந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

எங்கள் வீட்டில் வைக்கோல் பரப்பிய கூடை ஒன்றில் பாட்டி கோழியை அடைவைத்திருந்தாள். இருபதாம் நாள் காலை ஒரு முட்டையின் ஓட்டில் சிறு விரிசல் கண்டது. உள்ளிருந்து மெல்லிய கீச்சொலியும் கேட்டது. நண்பகல் கடந்தும் குஞ்சு வெளிவரவில்லை. அது மூச்சுத் திணறுகிறதோ என்று இரங்கினேன். கோழி இரை தேடி எழுந்த சமயம் பார்த்து ஓட்டை நகத்தால் பெயர்த்தேன். சவ்விலிருந்து குருதி கசிந்தது. கைக்கு வந்த குஞ்சின் வயிற்றடியில், கொப்பூழோடு ஒட்டி, மஞ்சள்நிறப் பை ஒன்று தொங்கிற்று. அன்று மாலையே குஞ்சு இறந்தது. பாட்டி என்னை அடிக்கவில்லை. “நேரம் வந்தால் அதுவே வருமேடா கண்ணு, நீ ஏன் இழுத்தாய்?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த ‘நேரம்’ என்பது என்ன? கோழிக்குஞ்சு முட்டைக்குள் 21 நாட்கள் வளர்கிறது. அந்நாட்களில் அதற்கு உணவளிக்கும் களஞ்சியம் மஞ்சட்கரு. அதைச் சூழ்ந்துள்ள பையே மஞ்சட்கருப்பை. ஏறத்தாழ 19ஆம் நாளில் அந்தப் பை கொப்பூழ் வழியாகக் குஞ்சின் வயிற்றினுள் இழுக்கப்படத் தொடங்குகிறது. அதே சமயத்தில் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையை அலகால் துளைத்து, முதன்முதலாக நுரையீரலால் மூச்சுவிடுகிறது. பின்பு ஓட்டைத் துளைக்கிறது. இதன் பிறகு அது பல மணி நேரம் அசையாமல் கிடப்பதுண்டு. அது சோர்வன்று, சவ்வின் நாளங்களிலுள்ள குருதி உடலுக்குள் திரும்புவதும், மஞ்சட்கருப்பை உள்ளே சென்று கொப்பூழ் மூடுவதும் அப்போதுதான் நிறைவேறுகின்றன. முதல் துளைக்கும் வெளிவருவதற்கும் இடையே ஒரு முழுநாள் கழிந்தாலும் வியப்பில்லை. நான் அந்த வேலையின் நடுவே புகுந்துவிட்டேன்.

உள்ளே சென்ற மஞ்சட்கரு குஞ்சு கட்டிக்கொண்டு வரும் வழிச்சோறு. இரண்டு மூன்று நாட்கள் இரையின்றியும் அது உயிர்வாழ முடிவது இதனாலேதான். பொரித்த அன்றே குஞ்சுகளைப் பெட்டிகளில் அடைத்துத் தொலைவூர்களுக்கு அனுப்ப முடிவதும் இதனாலேதான். தாய்க்கோழியிடமிருந்து வரும் நோயெதிர்ப்புப் பொருள்களும் மஞ்சட்கரு வழியாகவே குஞ்சை அடைகின்றன. பொரித்துப் பத்து நாளான குஞ்சின் வயிற்றிலும் மஞ்சட்கருவின் எச்சம் சிறிது காணப்படும் என்று, இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார்.

மனிதர் கை படாமலே சில குஞ்சுகள் பை உள்வாங்காமல் பிறப்பதும் உண்டு. அடைகாப்புப் பெட்டியில் வெப்பம் மிகுந்தால், பை உள்ளே செல்லுமுன் குஞ்சு பொரித்துவிடலாம். சரியான வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியசை ஒட்டியது. கடைசி மூன்று நாட்களில் காற்றின் ஈரப்பதம் குறைந்தால், சவ்வு உலர்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்கிறது. அழுக்கான முட்டைகளின் ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே நோய்க்கிருமிகள் புகுந்து மஞ்சட்கருவைக் கெடுப்பதும் உண்டு.

கல்லூரியில் விலங்கியல் பயின்றபோது இத்தகைய குஞ்சு ஒன்றை மறுபடியும் கண்டேன். பெட்டியின் நீர்த்தட்டு வற்றியதை நான்தான் கவனியாது விட்டிருந்தேன். குஞ்சின் வயிற்றடியில் சுண்டைக்காய் அளவில் பை துருத்தி நின்றது. இம்முறை நான் அதை இழுக்கவுமில்லை, அறுக்கவுமில்லை, உள்ளே தள்ளவுமில்லை. பை கிழிந்தால் பிழைப்பது அரிது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் தூய மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு சிறு கிண்ணத்தில் விரித்தேன். குஞ்சு ஓடித்திரிந்து பையை உராய்த்துக்கொள்ளாதபடி அதை அதனுள் அமர்த்தி, கிண்ணத்தைப் பெட்டியின் வெப்பத்திலேயே வைத்தேன். நீர்த்தட்டையும் நிரப்பினேன். மற்றக் குஞ்சுகளை அதனருகே விடவில்லை. நிறமும் ஈரமும் கண்டால் அவை கொத்திவிடும். துணி உலரும்போதெல்லாம் கைகழுவி வந்து மீண்டும் நனைத்தேன். இரையைப் பற்றிக் கவலைப்படவில்லை; முதல்நாள் உணவு அந்தப் பையிலேயே இருந்தது.

மறுநாள் காலை பை உள்ளே சென்றிருந்தது. கொப்பூழில் அயோடின் தடவி, அது காய்ந்து மூடியபின், சுமார் 35 டிகிரி வெப்பமுள்ள தனிக்கூண்டில் குஞ்சை விட்டேன். அது பிழைத்தது. எல்லாக் குஞ்சுகளும் இவ்வாறு பிழைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொப்பூழ் சிவந்து, வயிறு ஊதி, துர்நாற்றம் வீசினால் அது கிருமித்தொற்று. அக்குஞ்சைப் பிரித்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதும், பெட்டியை நன்கு கழுவிக் காயவைப்பதும் வேண்டும்.

கடைசி நாட்களில் பாட்டி முட்டைகளின்மேல் வெந்நீர் தெளிப்பாள். ஏன் என்று நான் அவளைக் கேட்டதில்லை. அன்று கேட்டிருந்தால், ஈரப்பதம் என்ற சொல் இல்லாமலே அந்தப் பாடத்தை அவள் எனக்குச் சொல்லியிருப்பாள். அந்த முதற்குஞ்சும் பிழைத்திருக்கும். ஆகவே, மாணவ நண்பர்களே, விரிசல் கண்ட முட்டையைப் பார்த்தால் உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது.