சமையல் விறகுத் தேர்வு

சமையல் விறகுத் தேர்வு என்பது சமைக்கும் பாண்டம், உணவு, அடுப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும் மர எரிபொருளைத் தெரிவு செய்வதாகும். வெப்பம், புகை, சாம்பல், உணவின் மணம் ஆகிய நான்கும் இதனைப் பொறுத்தே அமைகின்றன.

மடைப்பள்ளி

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் மண்பானையில் தளிகை படைப்பது மரபு. திடீரெனத் தாக்கும் கடுந்தீயில் மண்பானை விரிசல் விடக்கூடும். எனவே மண்பானைச் சமையலுக்குச் சீராக நின்று எரியும் விறகே ஏற்றது.

மர வகைகள்

சவுக்கு, புளி, சீமைக் கருவேலம் போன்ற கடின மரங்கள் நெடுநேரம் எரிந்து நல்ல தணல் தரும். காவிரிக் கரையில் எளிதில் கிடைக்கும் தென்னை மட்டையும் பாளையும் சட்டென்று பற்றி விரைவில் அணையும். ஆகவே இவை தீ மூட்டவே பயன்படும்.

ஈரப்பதம்

மர வகையைவிட உலர்வே முதன்மையானது. ஒரு கிலோ பச்சை விறகில் அரைக் கிலோ வரை நீர் இருக்கலாம். அந்நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 300 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். தீ தணிந்து புகை பெருகும். அப்புகையிலுள்ள நுண்துகள்கள் சமைப்பவரின் நுரையீரலைப் பாதிக்கின்றன. இரு கட்டைகளைத் தட்டும்போது கணீரென்று ஒலித்தால், முனைகளில் வெடிப்பு தெரிந்தால், விறகு உலர்ந்துள்ளது எனலாம்.

மரத்தூள் வில்லைகள்

தகர டப்பாவில் மரத்தூளை இறுக்கி, நடுவில் துளையிட்டு எரிக்கும் மரத்தூள் அடுப்பு தமிழகத்தில் முன்பு பரவலாக இருந்தது. அதே மரத்தூளை இயந்திரத்தில் அழுத்தி 6 முதல் 8 மி.மீ. விட்டமுள்ள வில்லைகளாக்குவது இக்கால முறை. அழுத்தத்தில் சூடேறும் மரத்தின் லிக்னின் துகள்களைப் பிணைப்பதால் பசை தேவைப்படுவதில்லை. நல்ல வில்லையின் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்குள் இருக்கும். மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். பையின் அடியில் தூள் மிகுதியாகத் தேங்காது. நீர் பட்டால் வில்லை உப்பி உதிர்ந்துவிடும். எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூடிய கலத்தில் வைக்க வேண்டும். உமி, கடலைத் தோல் முதலியவற்றாலான வில்லைகள் தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு உரியவை. உமி வில்லை மிகுதியான சாம்பலை விடுவதால் உணவு வாட்டும் அடுப்புக்கு ஏற்றதன்று.

தவிர்க்க வேண்டியவை

அரளி, எட்டி, தில்லை ஆகியவை நச்சு மரங்கள். தில்லையின் புகை கண்ணைக் கடுமையாக எரிக்கும். வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, கரையான் மருந்து பூசிய கட்டை ஆகியவற்றின் புகையும் நச்சுடையது. இவற்றின் துண்டுகளையோ, தூளால் ஆன வில்லைகளையோ சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.