கடலுக்கு அப்பால் ஒரு காதல் கதை



போன பரீட்சை லீவில் ஊர் நூலகத்தில் ஒரு நாவல் எடுத்து வந்தேன். ப.சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’. எங்க சித்தி, "காதல் கதையா? கீழே வைடி" என்றார். ஆமாம், காதல் கதைதான். ஆனால் நம்ம உலகப்போர் பாடத்தில் வராத சங்கதி அதில் இருக்கு.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938-ல், 18 வயதில், கப்பலேறி இந்தோனேசியாவில் மேடான் நகரத்துக் கடை ஒன்றில் வேலைக்குப் போனவர். போர் நடந்தபோது அங்கேதான் இருந்தார். அதனால்தான் கதை கண்ணால் பார்த்த மாதிரி இருக்கு.

கதை நடப்பது மலேயாவின் பினாங்கில். அங்கே நம்ம பக்கத்து ஆட்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. வெள்ளைக்காரன் ஓடிவிட்டான். அந்த மாதமே ஊர் ஜப்பான் கைக்குப் போனது. ஜப்பான்காரன் புதுசாக நோட்டு அடித்தான். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் படம்! 1945-ல் அவன் தோற்றதும் அது வெறும் காகிதம். வட்டிக்கடைக்காரர் கதியை யோசிச்சுப் பாருங்க.

அப்படி ஒரு கடையில் வேலை பார்ப்பவன் செல்லையா. முதலாளி மகள் மரகதம். இவனுக்கே அவளைக் கொடுக்கலாம் என்று முதலாளியும் நினைத்திருந்தார். இடையில் செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். போர் முடிந்து திரும்பினால் முதலாளி மாட்டேன் என்கிறார். துப்பாக்கி பிடித்தவன் இனிமேல் கைகட்டிக் கணக்கு எழுத மாட்டான் என்பது அவர் நினைப்பு. இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்காங்க, ஒரே ஊரில்தான் இருக்காங்க. அப்படியும் போர் பிரித்துவிடுது. இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு மனசு கேட்காதது மரகதம் விஷயம்தான். அவள் கல்யாணத்தை அப்பாவே முடிவு பண்ணுகிறார். அதற்கு இரண்டு வருஷம் முன்னாடிதான், 1943-ல், சிங்கப்பூரில் ஜான்சி ராணி படை தொடங்கியது. தலைமை, சென்னையில் டாக்டருக்குப் படித்த கேப்டன் லட்சுமி. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் காக்கி உடுப்பு போட்டுத் துப்பாக்கி தூக்கினார்கள். மரகதம் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாளா? கேள்விப்பட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள்?

முடிவை நான் சொல்ல மாட்டேன். புத்தகம் இப்போ சித்தி கையில் இருக்கு. திருப்பிக் கொடுக்க இன்னும் நாலு நாள்தான். அடுத்து யாருக்கு வேணும்னு சீக்கிரம் சொல்லுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி