சிப் இல்லாமலே 'சக்தி'யை ஓட்டலாம்

நெய்வேலி நகரியத்தில் இன்ஜினீயரிங் படிக்கும் ஒரு மாணவிக்கு, சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸருக்குப் புரோகிராம் எழுதிப் பார்க்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது இன்டெல் லேப்டாப். சக்தியின் கட்டளைகள் ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தவை. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தக் கட்டளைத் தொகுதியை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இன்டெல்லுக்கு அது புரியாது. ஆனாலும் சென்னைக்குப் போகாமல், சிப்பைக் கண்ணால் பார்க்காமல், அவர் இன்று மாலையே வேலையைத் தொடங்கிவிடலாம். வழி, ஒரு பிராசஸரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர்.

ஒரே ஒரு கட்டளையை எடுத்துப் பார்ப்போம். 00150513 என்ற பதினாறடிமான எண்ணை விரித்தால் 32 பிட்டுகள். கடைசி 7 பிட்டுகள் இது என்ன வகைக் கட்டளை என்பதைச் சொல்கின்றன. நடுவே ஐந்தைந்து பிட்டுகளாக, பிராசஸருக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்களான ரெஜிஸ்டர்களின் எண்கள் இரண்டு, இரண்டுமே 10. முதல் 12 பிட்டுகளில் இருப்பது 1. அதாவது, 'பத்தாவது ரெஜிஸ்டரில் உள்ளதோடு ஒன்றைக் கூட்டி அங்கேயே வை.'

ரிஸ்க்-ஃபைவில் 32 ரெஜிஸ்டர்கள். 64 பிட் இன்டெல்லில் வழக்கமான பொது ரெஜிஸ்டர்கள் 16 தான். எனவே எமுலேட்டர் லேப்டாப்பின் நினைவகத்தில் 32 இடங்களை ஒதுக்கி, அவற்றையே ரெஜிஸ்டர்களாகப் பாவிக்கிறது. கட்டளையைப் படிப்பது, பிரிப்பது, பத்தாவது இடத்தில் ஒன்றைக் கூட்டுவது, அடுத்த கட்டளைக்கு நகர்வது. பூஜ்யமாவது ரெஜிஸ்டரில் எதை எழுதினாலும் அது பூஜ்யமாகவே இருக்க வேண்டும் என்பது ரிஸ்க்-ஃபைவ் விதி. அதையும் மறக்காமல் காப்பாற்ற வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றாகப் போனால், ஒரு கட்டளைக்காக லேப்டாப் பல கட்டளைகளை ஓட்டவேண்டியிருக்கும். பிரான்ஸின் ஃபப்ரீஸ் பெல்லார் உருவாக்கிய கியூஎமு வேறு வழியில் போகிறது. கட்டளை ஓட்டம் வேறிடம் தாவும் இடம் வரை ஒரு துண்டாக எடுத்து, முழுத் துண்டையும் இன்டெல் கட்டளைகளாக மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. அதே துண்டு ஆயிரம் முறை சுற்றினாலும் மொழிபெயர்ப்பு ஒருமுறைதான். லினக்ஸ் முழுவதையும் பொறுமை சோதிக்காமல் இதில் ஓட்ட முடிகிறது.

எமுலேட்டர் என்ற உத்தி கணினி உலகத்துக்குப் புதிதல்ல. 1975-இல் ஆல்டேர் கணினியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஹார்வர்டின் பிடிபி-10 இயந்திரத்தில், ஆல்டேரின் பிராசஸரான இன்டெல் 8080-ஐப் போலவே நடந்துகொள்ளும் புரோகிராம் ஒன்றை எழுதினார் பால் ஆலன். அதன்மேல் பில் கேட்ஸோடு சேர்ந்து உருவாக்கிய பேசிக் மொழி, உண்மையான ஆல்டேரில் ஏற்றியபோது வேலை செய்தது. மென்பொருள் பிறக்க வன்பொருள் காத்திருக்க வேண்டியதில்லை; எமுலேட்டரின் பெரிய பலனாக நான் நினைப்பது இதைத்தான்.

சிப் வடிவமைப்பவர்களுக்கோ அது நடுவர். ரிஸ்க்-ஃபைவ் உலகில் 'ஸ்பைக்' என்ற எமுலேட்டரின் விடையைச் சரியான விடையாக வைத்துக்கொள்வது வழக்கம். ஒரே புரோகிராமை ஸ்பைக்கிலும் புதிய வடிவமைப்பிலும் ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ரெஜிஸ்டர்களை ஒப்பிடுவார்கள். எங்கே முதன்முதலாக வேறுபடுகிறதோ அங்கே பிழை. சிலிக்கானில் வார்த்த பிறகு அந்தப் பிழையைத் திருத்த வழியில்லை. பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் வளர்ந்த சக்தி, 2018-இல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்க்கப்பட்ட சிப்பாகி லினக்ஸையும் ஓட்டியது. 2025-இல் இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் சண்டிகரில் தயாரானது.

எமுலேட்டரால் ஆகாததும் உண்டு. விடை சரியா என்று ஸ்பைக்கும் கியூஎமுவும் சொல்லும். உண்மையான சிப் அந்த விடைக்கு எத்தனை கடிகாரத் துடிப்புகள் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லாது. மோட்டாரையோ சென்சாரையோ நேரம் தவறாமல் இயக்க வேண்டுமென்றால், 'ஆர்ட்டி' போன்ற எஃப்பிஜிஏ (வேண்டிய சுற்றமைப்பை ஏற்றிக்கொள்ளும் சிப்) பலகையில் சக்தியின் வடிவமைப்பை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அந்த வடிவமைப்பும் திறந்த மூலம். மாணவி அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.