ஓடினால்தான் தவணை!

"கடனைக் குறையுங்கள்! செலவைச் சுருக்குங்கள்!" - மாநிலங்களைப் பார்த்து இப்படி உபதேசம் புரிவோருக்கு டில்லியிலே பஞ்சமில்லை. அந்தப் பண்டிதர்களை ஒருமுறை சங்ககிரிக்கு வந்துபோகும்படி அழைக்கிறோம். பாடம் சொல்ல அங்கே பேராசிரியர் வேண்டாம், லாரிக்காரர் போதும்!

கடன் வாங்கி லாரி எடுக்கிறார். வண்டி ஓடுகிறது, வாடகை வருகிறது, தவணை கட்டுகிறார். அவரை ஊதாரி என்று எவரும் ஏசுவதில்லை. ஆனால் அன்றாட டீசலுக்கும் டிரைவர் படிக்கும் வட்டிக்கு வாங்கத் தொடங்கினால், "இனி தேறாது" என்று ஊரே சொல்லிவிடும். எஞ்சின் பழுதுக்கு வைத்திருந்த பணத்தைத் தவணையாகக் கட்டிவிட்டு, வண்டியைப் பட்டறையிலே நிறுத்தியவரையும் புத்திசாலி என்று ஊர் மெச்சாது. இந்த மாதத் தவணை தீர்ந்தது. அடுத்த மாதத்துக்கு வழி?

அரசாங்கக் கடனுக்கும் நியாயம் இதுவேதான். 2021 ஆகஸ்டு 9 அன்று, கழக ஆட்சியின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று கூறிற்று. 2020-21இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய்! அதாவது, அணை கட்ட அல்ல, ஆலை எழுப்ப அல்ல. அன்றாடச் செலவுக்கே கடன். டீசலுக்கு வாங்கிய கடன்!

பொருளாதாரம் மீண்டும் அசைந்தது. வரி வருவாய் வளர்ந்தது. 2022-23இல் அந்தப் பற்றாக்குறை 36,215 கோடியாக இறங்கிற்று. அடுத்த ஆண்டு மறுபடி ஏறியது என்பதையும் மறைக்கமாட்டோம். நம்மவர் ஆண்டாலும் பிறர் ஆண்டாலும் இந்தப் பழக்கம் ஒழிந்தாக வேண்டும்.

ஆனால், சிக்கனம் பேசும் டில்லி செய்தது என்ன? கொரோனாவால் வண்டிகள் முடங்கிக் கிடந்த 2020 மே மாதத்திலே, டீசல் மீது லிட்டருக்கு 13 ரூபாய் வரியை ஏற்றிற்று. உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்த பலன் லாரிக்காரர் கைக்கு எட்டவில்லை. அந்த 13 ரூபாயிலே மாநிலங்களுக்குச் சல்லிக்காசு பங்குண்டா? இல்லை! செஸ் என்றும் சிறப்புத் தீர்வை என்றும் பெயர் சூட்டிவிட்டால் பங்கிட வேண்டாம் அல்லவா? அன்றைய மாநில ஆட்சியும் அதே மாதத்தில் தன் பங்குக்கு டீசல் வரியை உயர்த்திற்று. எழுந்து நிற்க வேண்டியவன் முதுகிலே இரட்டைச் சுமை!

நோயாளியைப் பட்டினி போட்டால் கடன் தீராது. 2010க்குப் பின் கிரீஸ் நாட்டிலே கடன்காரர் சொற்படி ஊதியத்தை வெட்டினர், ஓய்வூதியத்தை வெட்டினர். நாட்டு வருமானம் ஏறத்தாழக் கால்பங்கு கரைந்தது. வருமானத்தோடு ஒப்பிட்ட கடன் குறைந்ததா? கூடிற்று!

ஆகவே நாம் கூறுவது இது: அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்குவதை ஆண்டுக்காண்டு குறையுங்கள். சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மின்சாரத்துக்கும் வாங்கும் கடனை வெட்டாதீர்கள். செஸ் வருவாயிலே மாநிலங்களுக்கு உரிய பங்கைத் தாருங்கள்.

அரசியல் சட்டத்தின் 293ஆவது பிரிவைக் காட்டிக் கடனுக்குக் கடிவாளம் போடுகிறவர்கள், வருவாய்க்கும் வழிவிட வேண்டாமா? சக்கரத்தைக் கட்டிவிட்டுத் தவணை கேட்பது எந்த ஊர் நியாயம்?