வன்னியர் என்னும் பெயர்: குலமா, பதவியா?

இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என வழங்கும் மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பிலே பல நூற்றாண்டுகளாக அதிகாரஞ் செலுத்திய குறுநிலத் தலைவர்கள் வன்னியர் எனப்பட்டனர். இப்பெயரைத் தாங்கினோர் யாவரும் ஒரே குடிவழியினர் எனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. சான்றுகள் அக்கருத்துக்கு இடந்தருவனவாயில்லை.

சொல்லின் மூலம் பற்றிப் பல கருத்துக்கள் நிலவுகின்றன. தீயைக் குறிக்கும் வடசொல் என்பார் ஒரு சாரார். காடு எனப் பொருள்படும் வனத்தோடு இணைப்பார் பிறிதொரு சாரார். வன்னி மரத்தைச் சுட்டுவாரும் உளர். தமிழகத்து வன்னியர் சமூகத்தார் தம்மை அக்கினி குலத்தவர் என்பர். வையாபாடலும் யாழ்ப்பாண வைபவமாலையும் ஈழத்து வன்னியரைத் தமிழகத்திலிருந்து வந்தோராகக் காட்டுகின்றன. குடியேற்ற நினைவுகள் இக்கதைகளிற் பொதிந்திருத்தல் கூடும். எனினும் ஆளுங்குடியினர் தம் பெருமையை நிலைநாட்டப் புனைந்தவற்றை அப்படியே வரலாறாகக் கொள்ளல் தகாது.

பெயர் வழங்கிய இடங்களை நோக்கின் உண்மை தெளிவாகும். தம்பதெனியாவில் ஆண்ட மூன்றாம் விசயபாகுவை (1232-1236) வன்னியரசருள் ஒருவனாகச் சூளவம்சம் குறிப்பிடுகின்றது. நுவரகலாவியச் சிங்களத் தலைவர்களும் வன்னியர் எனப்பட்டனர். மட்டக்களப்பிலே முக்குவத் தலைவர்களுக்கு இப்பெயர் உரியதாயிற்று; ஆங்கிலேயர் காலத்தில் அங்கே பிரிவுத் தலைமைக்காரர் வன்னியனார் எனப்பட்டனர்; முஸ்லிம்களும் அப்பதவியை வகித்தனர். மொழி, சமயம், சாதி ஆகிய மூன்றாலும் வேறுபட்டோர்க்கு ஒரு பெயர் பொதுவாயின், அது குருதியுறவைக் குறித்ததன்று, பதவியைக் குறித்ததேயாகும்.

வன்னியிலே பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை முதலிய பிரிவுகள் வன்னிமைகள் எனப்பட்டன. பனங்காமத்துத் தலைவருட் சிலர் நல்லமாப்பாணன் என்னும் பெயர் கொண்டனர். தலைமை பெரும்பாலும் குடும்பவழி வந்தமையாற் பதவிப்பெயர் குலப்பெயர்போலத் தோன்றியது; மயக்கத்திற்குக் காரணமும் இதுவே. ஒல்லாந்தர் இவர்களிடம் யானைகளைத் திறையாகக் கோரினர். திறை நிலுவையாகித் தகராறு முற்றவே, 1780களிலே தோமஸ் நாகல் என்னும் படையதிகாரியின் தலைமையில் வன்னியை நேரடி ஆட்சிக்குள் கொணர்ந்தனர். பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையிடம் தோல்வியுற்றான். அங்கு நாட்டப்பெற்ற ஆங்கிலக் கல்லெழுத்துத் தோல்வியை மட்டுமே கூறுகின்றது. அவன் அங்கே மாண்டான் எனப் பலர் எழுதுவது அக்கல்லின் கூற்றன்று.

ஸ்கொத்லாந்தின் மலைநாட்டுக் குலங்களை ஈண்டு ஒப்புநோக்கலாம். 1746இல் கலொடன் போரில் நேர்ந்த தோல்வியை அடுத்து, 1747ஆம் ஆண்டுச் சட்டம் குலத்தலைவரின் பரம்பரை நீதியதிகாரத்தைப் பறித்தது. எனினும் மக்டொனல்ட், கம்பெல் போன்ற பெயர்கள் அழியவில்லை. தலைவனும் குடிமகனும் ஒரே குலப்பெயரைத் தாங்கினர். அது தந்தையிடமிருந்து மக்களுக்குச் சென்றது. நம்மிடையே தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்பது. அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. வன்னிமை ஒழியவே பட்டமும் வழக்கொழிந்தது. நிலத்தின் பெயராக மட்டும் வன்னி எஞ்சியது.

ஆட்பெயர்களில் அதன் சாயல் சிற்சில இடங்களிற் காணப்படும். தமிழரசுக் கட்சியைத் தொடக்கியோருள் ஒருவரும் கோப்பாய்த் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்தவருமான கு. வன்னியசிங்கம் யாழ்ப்பாணத்தவர். இத்தகைய பெயரொன்றை மாத்திரம் கொண்டு ஒருவரை வன்னித் தலைவர்களின் வழித்தோன்றலாகக் கொள்ளுதல் பொருந்தாது.