அறுந்த இழையைச் சேர்க்கும் வகை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், இலுப்பூரைச் சேர்ந்த தையற்காரப் பெண்மணி ஒருவர் பக்கவாதத்திற்குப் பின் எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் தங்கியிருந்தார். இடக்கை வலுவிழந்திருந்தது. துணைக்கு இருந்த மகள் தாயின்மீது உயிரையே வைத்திருந்தார். சோற்றைப் பிசைந்து ஊட்டுவதும், தலை வாரிவிடுவதும், இரவிக்கைக் கொக்கியை மாட்டிவிடுவதும் அவரே. தாயின் இடக்கை மடியிலேயே கிடந்தது. "இந்தக் கை இனி எதற்கு?" என்று அந்த அம்மையார் ஒருநாள் எங்களிடம் கேட்டார். முப்பது ஆண்டுகள் துணியைப் பிடித்து ஊசிக்கு நேரே நகர்த்திய கை அது.

அதே நாட்களில், அடுத்த பிரிவில் இடுப்பெலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த தம் மனைவிக்குத் துணையாக ஒரு பெரியவர் தங்கியிருந்தார். ஆடு வளர்த்துக் கம்பளி நெய்த குடும்பம். காத்திருக்கும் நேரத்தில் அவர் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து நின்று, மூங்கில் குச்சியின் அடியில் மரவில்லை ஒன்றைச் செருகிய தக்ளியைச் சுழலவிட்டு, கறுப்பு ஆட்டுமயிரை நூலாக இழுத்துக்கொண்டிருப்பார். மருந்துச் சீட்டோடு அவ்வழியே செல்பவர்கள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டே செல்வார்கள். அந்த அம்மையாரும் ஒருநாள் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். நூல் அவருக்கு அந்நியமான பொருள் அன்று.

அவ்விருவரின் இசைவோடும், பெயர்களைத் தவிர்த்தும் இதனை எழுதுகிறோம். அந்தத் தாழ்வாரத்தில் நாங்கள் கற்றது நூற்பு மட்டும் அன்று என்பதனால், நோயாளிகளின் குடும்பத்தாரும் இதனைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

நம் மண்ணில் தக்ளி

தக்ளி நமக்குப் புதிய கருவி அன்று. சிவகங்கை மாவட்டத்துக் கீழடி அகழாய்வில், நூற்புக்கு உதவிய சுடுமண் தக்ளி வில்லைகளும் எலும்பாலான கூர்முனைக் கருவிகளும் கிடைத்துள்ளன. பருத்தி நூற்று வாழ்ந்த மகளிரைச் சங்கப் பாடல்களும் காட்டுகின்றன. 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டிற்குப் பின் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி பரவியபோது, பள்ளிப் பிள்ளைகளின் கையில் தக்ளி ஏறியது. இன்று எழுபது வயதைக் கடந்த வாசகர்களில் சிலர், வகுப்பறையில் தக்ளி சுற்றிச் சிட்டம் கட்டிய நாளை நினைவுகூரக்கூடும். சின்னாளப்பட்டி அருகே 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சௌந்தரம் அம்மையார் மருத்துவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. மருத்துவப் பணியும் கதர்ப் பணியும் அங்கே ஒரே வளாகத்தில் வளர்ந்தன.

அவை பெரும்பாலும் பருத்தியின் கதை. கம்பளியின் கதை சற்று வேறு. தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் முதலிய பலவும் இறைச்சிக்கும் தோலுக்குமாக வளர்க்கப்படுபவை. அவற்றின் உடலில் நூற்கத்தக்க கம்பளி இல்லை. கம்பளி தருபவை சிலவே. நீலகிரி இனம் மெல்லிய கம்பளி தருவது. கோயம்புத்தூர் இனமும், கருங்குறும்பை எனப்படும் திருச்சி கறுப்பு இனமும் முரட்டுக் கம்பளி தருபவை. அந்த முரட்டு மயிரை நூற்று, ஆடு மேய்ப்போர் மழைக்கும் பனிக்கும் போர்த்தும் கம்பளியாக நெய்தவர்கள் குறும்பர் மரபினர். எங்கள் பெரியவரின் கையில் இருந்ததும் அத்தகைய கறுப்பு மயிரே.

நூற்கும் முறை

முதல் பாடத்திற்கு மருத்துவமனை ஊழியர் மூவரும் அந்த அம்மையாரும் அமர்ந்தோம். பெரியவர் கற்பித்த முறையைக் கூடியவரை அப்படியே தருகிறோம்.

கழுவி உலர்த்திய கம்பளியைக் கையால் பிரித்து, தூசி தட்டி, விரல் தடிமன் உள்ள தளர்ந்த திரியாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் அடி நீளமுள்ள நூல் ஒன்றைத் தக்ளியின் தண்டில் கட்டி, உச்சியில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். அந்நூலின் நுனியை நான்கு விரற்கடை அளவு திரியின்மீது படியவைத்து, சேர்ந்த இடத்தை ஒரு கையின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றிக்கொள்ள வேண்டும். மற்றொரு கையால் தக்ளியை வலப்புறமாகச் சுழற்ற வேண்டும்.

பழகியவர்கள் சுழலும்போதே திரியை இழுத்து நூலாக்குவார்கள். புதியவர்கள் அவ்வாறு செய்தால் தக்ளி தரையில் விழும். ஆகவே, போதிய முறுக்கு ஏறியதும் தக்ளியை முழங்கால்களுக்கு இடையே இடுக்கி நிறுத்திவிட வேண்டும். பிறகு அவசரமின்றித் திரியை மெல்ல இழுத்து மெலிதாக்கி, பற்றிய விரல்களைச் சிறிது மேலே நகர்த்தினால், கீழே காத்திருக்கும் முறுக்கு மேலேறி, இழுத்த மயிரை நூலாக்கிவிடும். ஒரு முழம் சேர்ந்ததும் தண்டில் சுற்றிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும்.

இதில் நுட்பம் முழுவதும் அந்த இரண்டு விரல்களின் பிடியில் உள்ளது. பிடி தளர்ந்தால் முறுக்கு திரிக்குள் ஓடிப் புகுந்துவிடும். பின் அத்திரியை இழுக்கவே இயலாது. முறுக்குக் குறைந்தால் நூல் பிரிந்து விழும். மிகுந்தால் தன்மேலேயே சுருண்டு புரியேறும். கம்பளி மயிர் பஞ்சிழையைவிட நீளமானது. அதன் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். எனவே புதியவர் கைக்குப் பஞ்சைவிடக் கம்பளி இணக்கமானது. ஆயினும் முதல் நாளில் எங்களில் எவர் நூலும் ஒரு சாணுக்குமேல் நீளவில்லை.

நூல் அறுந்தபோது நாங்கள் முடிச்சுப் போட முனைந்தோம். பெரியவர் தடுத்துவிட்டார். அறுந்த முனையின் முறுக்கைச் சிறிது பிரித்து, மயிரை விசிறிபோல் பரப்பி, புதுத்திரியை அதன்மேல் படியவைத்து, இரண்டையும் சேர்த்து முறுக்கவிட வேண்டுமாம். அவ்வாறு சேர்த்த இடத்தை நாங்கள் பின்னர் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாங்கள் செய்த பிழை

நூற்பைக் கண்டதும் எங்களுக்கு ஆர்வம் மிகுந்தது. இரு கைகளும் சேர்ந்து செய்யும் வேலை. விரலுக்கு நுண்மையான பயிற்சி. அம்மையாருக்கோ விருப்பமான பொருள். இரண்டாம் நாளே தக்ளியைத் தொங்கவிட்டு நூற்கும்படி ஊக்கினோம். தொங்கும் தக்ளிக்கு இடமளிக்க, வலுவற்ற இடக்கையை அவர் தோளுயரத்திற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்றிரவு அவருக்குத் தோள்வலியால் உறக்கமில்லை. பக்கவாதத்திற்குப் பின் தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். அந்நிலையில் தாங்கலின்றிக் கையை உயர்த்துவது மூட்டுக்குத் தீங்கு. அறிந்திருந்தும் ஆர்வத்தில் அதனை மறந்தோம். அது எங்கள் பிழை. ஒரு வாரம் நூற்பை நிறுத்தினோம்.

வழி காட்டியவர் பெரியவரே. "தொங்கவிட்டுத்தான் நூக்கணும்னு இல்ல. கொட்டாங்கச்சியில ஊண்டிச் சுத்துங்க தாயி, கை தாழவே இருக்கட்டும்" என்றார். மடிமுன் சிறு பலகை. அதன்மேல் வழுவழுப்பான கொட்டாங்கச்சி. அதனுள் தக்ளியின் கீழ்முனை. இடமுழங்கைக்குக் கீழே தலையணை. வலக்கை சுழற்றியது, இடக்கை திரியைத் தாங்கியது. முதல் நாட்களில் அது பிடிக்கவில்லை, வெறுமனே தாங்கியது. எங்கள் இயன்முறை மருத்துவர் நேரத்தைப் பத்து நிமிடத்திற்குமேல் போகவிடவில்லை.

கைத்தொழிலும் சிகிச்சையும்

கைத்தொழிலைச் சிகிச்சையாகக் கொள்வதற்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில், காயமுற்ற வீரர்களுக்குக் கூடை முடைதலும் நெசவும் பயிற்றுவிக்கப்பட்டன. 1917இல் அமெரிக்காவில் தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றியது. இந்தியாவில் கமலா நிம்ப்கர் அம்மையார் 1950இல் மும்பையில் இத்துறைக்கு முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

நமக்கு இன்னும் அணுக்கமான எடுத்துக்காட்டு வேலூரில் உள்ளது. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். அறுவை முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிடவில்லை. இடம் மாற்றப்பட்ட தசையைக்கொண்டு விரலை இயக்க மூளை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. குணமடைந்தோர் தங்கித் தொழில் பழக நவஜீவ நிலையம் உருவாயிற்று. மரவேலை செய்த அவர்களின் கைகளில் புண்கள் தோன்றியதைக் கூர்ந்து நோக்கிய பிராண்ட், உணர்ச்சியற்ற கை வலியை அறியாமல் கருவியை அளவுக்குமீறி அழுத்துவதே காரணம் என்று கண்டார். அவர் கண்ட உண்மை இன்று நீரிழிவால் விரல் மரத்துப்போன ஒவ்வொருவருக்கும் பொருந்தும்.

நூற்பு நோயைத் தீர்க்கும் என்று நாங்கள் கூறவில்லை. மருந்துக்கும் முறையான பயிற்சிக்கும் அது மாற்று அன்று. ஆனால், பக்கவாதத்திற்குப் பின் ஒரு கை மீளக் கற்பதற்குத் திரும்பத் திரும்பச் செய்யும் பயனுள்ள வேலை தேவை. அந்த வேலை நோயாளிக்குப் பொருளுடையதாக இருந்தால் அவர் அதனை நாளும் விரும்பிச் செய்வார்.

மகள் கற்ற பாடம்

தொடக்கத்தில் நூல் அறும்போதெல்லாம் மகள் விரைந்து எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார். அவருடைய விரல்கள் தேர்ச்சியுற்றன. தாயின் கையோ காத்திருந்தது. நாலைந்து நாள் பார்த்திருந்த பெரியவர், "நீ நூத்தா உனக்குல்லத்தா கை வரும்? அவங்க நூலு, அவங்களே சேக்கட்டும். நீ சும்மா பக்கத்துல இரு" என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. தாய் தவிப்பதைக் கண்டும் கைகட்டி இருப்பது அன்பில்லாத செயல்போல் அவருக்குத் தோன்றியது. அவர் கையில் ஒரு பிடி கம்பளியைக் கொடுத்து, "இதப் பிரிச்சுக்கிட்டு இரு" என்றார் பெரியவர். அதன்பின் மகள் மயிரைப் பிரிப்பார், தாய் நூற்பார், அறுந்தால் தாயே சேர்ப்பார். ஒரு முறை சேர்க்க ஆறேழு நிமிடம் ஆனதும் உண்டு.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இதுவே. ஆபத்தில்லாத வேலையை நோயாளி தாமே செய்ய நேரம் கொடுங்கள். எவற்றை விட்டுவிடலாம், எவற்றிற்குத் துணை நிற்க வேண்டும் என்பதை எங்களிடம் கேட்டறியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கழுவாத கம்பளியை நோயாளிப் பிரிவுக்குள் கொண்டுவர வேண்டாம். அதில் அழுக்கும், சில வேளைகளில் நோய்க்கிருமியும் இருக்கக்கூடும். கழுவி உலர்த்திய பின்னரே பயன்படுத்துக.

ஆஸ்துமா உள்ளவர்களும், ஆட்டுமயிரால் தோல் அரிப்பு ஏற்படுபவர்களும் பருத்தியைத் தேர்ந்துகொள்ளலாம்.

விரல் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள், நூற்று முடித்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். ஓடும் நூல் தோலை அறுத்திருந்தாலும் அவர்களுக்கு வலிக்காது.

கையில் ஊசிக்குழாய் பொருத்தியிருப்பவர்களும், டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைப்பு செய்யப்பட்ட கையை உடையவர்களும் முதலில் செவிலியரிடம் கேட்க வேண்டும்.

அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்கள் தொங்கும் தக்ளியைத் தவிர்க்க வேண்டும். அது விழும்போதெல்லாம் குனிந்து எடுக்க நேரும்.

பெரியவரின் மனைவி ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியதும் அவர்கள் ஊர் திரும்பினர். தக்ளியை அவர் எங்களிடமே விட்டுச் சென்றார். தையற்கார அம்மையார் மறுபரிசோதனைக்கு இலுப்பூரிலிருந்து மும்முறை வந்தார். மூன்றாம் முறை, தாம் நூற்ற கறுப்பு நூலை உருண்டையாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஓரிடத்தில் கயிறுபோல் தடித்தும் ஓரிடத்தில் மயிரிழையாய் மெலிந்தும் இருந்தது. தையல் இயந்திரத்தின்முன் இன்னும் நெடுநேரம் அமர இயலவில்லை என்றார். துணியை இடக்கையால் பிடிக்க முடிகிறது. வேகமாக நகர்த்தத்தான் வரவில்லை. பேசிக்கொண்டே நழுவிய முந்தானையை இடக்கையால் எடுத்துத் தோளில் போட்டார். பக்கத்தில் இருந்த மகள் கையை நீட்டவில்லை.

அந்தத் தக்ளி இப்போது இயன்முறை சிகிச்சைப் பிரிவில் உள்ளது. கொட்டாங்கச்சிகளும் கழுவிய கம்பளியும் பஞ்சும் வைத்திருக்கிறோம். கற்க விரும்பும் நோயாளிகளும் துணைக்கு வந்தோரும் தங்கள் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வருக. எங்கள் நூலும் இன்னும் அறுந்துகொண்டுதான் இருக்கிறது.