கர்த்தரின் பந்தியும் முதற்பந்தியும்

சபை ஐக்கியம் என்பதை உள்ளத்தில் சுரக்கும் அன்புணர்ச்சி என்றே நம்மில் பலர் பிரசங்கிக்கிறோம். பவுல் அடிகளாரோ 'கொயினோனியா' என்னும் கிரேக்கச் சொல்லைத் திருவிருந்தில் பங்குபெறுவதற்கும் (1 கொரி. 10:16), எருசலேமின் ஏழைகளுக்கெனத் திரட்டிய பண உதவிக்கும் (ரோமர் 15:26) ஒருங்கே ஆளுகிறார்.

கொரிந்து சபையின் பிளவு பந்தியிலே வெளிப்பட்டது. சபையார் கூடியது வசதி படைத்தோர் இல்லங்களில். அக்கால உரோம வீட்டு உணவறையில் ஏறத்தாழ ஒன்பதுபேரே சாய்ந்து உண்ண இயலும். ஏனையோர் முற்றத்தில் இருந்திருக்க வேண்டும். அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடித்து வருமுன் உணவு தீர்ந்துபோயிருக்கும். சரீரம் இன்னதென்று நிதானியாமல் உண்பவனைப் பவுல் எச்சரிப்பது (11:29) இச்சூழலிலேயாம். நாமோ அவ்வசனத்தை ஒவ்வொருவரின் அந்தரங்கப் பாவத்திற்கே பொருத்தி, அஞ்சும் உள்ளங்களைப் பந்தியினின்று விலக்கி வருகிறோம். அவர் தரும் பரிகாரம், ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தலே (11:33). அவ்வினைச்சொல்லுக்கு ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு.

தமிழ்த் திருச்சபை இதனைக் கசப்போடு கற்றது. தஞ்சை முதலிய இடங்களில் தனித்தனி இருக்கைகளும், திருவிருந்தை அணுகுவதில் சாதி வரிசையும் நெடுங்காலம் வழங்கின. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் இவ்வேறுபாடுகளை உடனே ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தார். ஆணை நியாயமானது, ஐயமில்லை. எனினும் பலர் ஆராதனையைவிட்டு விலகினர். ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒருவர் அமர்ந்தறியாதவர்களை, ஒரு கடிதம் பீடத்தருகே சேர்ந்து முழங்காற்படியிடச் செய்யவில்லை.

திருநெல்வேலிப் பகுதிச் சபைகளின் அசனம் இவ்வகையில் நமக்கு வாய்த்த நல்ல மரபு. ஆயினும் சமைப்பவர் யார், முதற்பந்தியில் அமர்பவர் யார், எச்சில் இலை எடுப்பவர் யார் என்பதைப் போதகர் உற்றுநோக்க வேண்டும். ஆண்டுதோறும் அதே கைகளே இலை எடுக்குமாயின், கொரிந்து தொலைவில் இல்லை. சபை மூப்பர்கள் பரிமாறட்டும். கூலிவேலை முடித்து வருவோர் அமர்ந்தபின் ஜெபம் ஏறெடுக்கப்படட்டும். முணுமுணுப்பு எழும். முதலாண்டில் சில குடும்பங்கள் வராமலும் இருக்கலாம். அக்குடும்பங்களை மறுவாரமே சந்திப்பதும் போதகரின் கடமையாம். வில்சன் காலத்தில் குறைந்துபோனது இத்தகைய சந்திப்பே என்பது என் துணிபு.

வீடு சந்திப்பைப் பற்றியும் ஒன்று. போதகர் யார் வீட்டில் உண்கிறார், யார் வீட்டு வாசலில் நின்றபடியே ஜெபித்துத் திரும்புகிறார் என்பதைச் சபை அருளுரையைவிடக் கூர்ந்து கவனிக்கிறது. இறையியல் மாணவர்கள் தாம் பணிபுரியும் சபையின் குடும்பப் பட்டியலை எடுத்து, ஓராண்டில் தாம் அமர்ந்து உண்ட வீடுகளைக் குறித்துப் பார்ப்பார்களாக.